சேன் மாலோ: மதில் சூழ்ந்த பிரெஞ்சுத் துறைமுகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ் என்றால் பாரிஸ், அதை விட்டால் நீஸ் என்றுதான் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் இருக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ள யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் சேன் மாலோ. சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் பிறந்த ஊர் என்று சேர்த்துச் சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். வழக்கமாக வருகிற கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தந்திருக்கிறேன்.

சேன் மாலோ எங்கே இருக்கிறது?

பிரான்சின் வடமேற்கில், பிரிட்டனி பகுதியின் வடகரையில். எதிரே ஆங்கிலக் கால்வாய். ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் கிழக்குக் கரை இது. அக்கரையில் தெரிவது தினார். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்துக்கும் ஜெர்சி, கெர்ன்சி தீவுகளுக்கும் இங்கிருந்து கப்பல் போகிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 47 ஆயிரம். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே வசிக்கிறார்கள். சேன் செர்வான், பாராமே என்ற பக்கத்து ஊர்கள் 1967-ல்தான் சேன் மாலோவோடு இணைந்தன. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரைப் பொடிநடையாகவே சுற்றி வந்துவிடலாம்.

ஊர் எப்படித் தோன்றியது? மாலோ என்பவர் யார்?

முதலில் ஊர் இருந்த இடம் இதுவல்ல. இன்றைய சேன் செர்வான் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அலெத் என்ற மேட்டில்தான் ரோமானியர் காலத்து ஊர் இருந்தது. 6-ம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து கடல் கடந்து வந்த துறவி மாலோ. அவர் வருவதற்கு முன்பே ஆரோன் என்ற இன்னொரு துறவி எதிரே இருந்த பாறைத் தீவில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார் என்பது மரபு.

அலெத் தாக்குதல்களுக்கு எளிதில் இலக்கானது. பாறையைச் சுற்றியோ கடல். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும்போது, தெரியும் ஒரு மணல் திட்டுதான் அதைக் கரையோடு இணைத்தது. 12-ம் நூற்றாண்டில் ஆயர் (பிஷப்) ழான் த ஷத்தியோன் தன் தலைமையிடத்தை அலெத்திலிருந்து இந்தப் பாறைக்கு மாற்றினார். பேராலயமும் முதல் மதிலும் அவர் காலத்தில்தான் தொடங்கின. அந்த மணல் திட்டின் பெயர் சியோன். இன்று அதன்மேல் சாலையும் வீடுகளும் இருப்பதால், நடக்கும்போது ஒரு தீவுக்குப் போகிறோம் என்றே தோன்றாது. இந்த ஊரின் பிற்கால வரலாறு முழுவதும் அந்தப் பாறையை வைத்துத்தான். உழுவதற்கு நிலம் கிடையாது, நல்ல தண்ணீர் அரிது, ஆனால் எதிரி எளிதில் நெருங்க முடியாது. பிழைக்க வேண்டுமென்றால் கடலுக்குத்தான் போயாக வேண்டும்.

ஒரு காலத்தில் இது தனிக் குடியரசாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், நான்கு ஆண்டுகள் மட்டும். பிரான்சில் மதப்போர் நடந்த காலம் அது. அரியணைக்கு வந்த நான்காம் ஹென்றி புராட்டஸ்டண்ட். கத்தோலிக்க ஊரான சேன் மாலோ அவரை ஏற்கவில்லை. அவரை எதிர்த்தவர்களுக்கும் முழுதாக அடங்கவில்லை. 1590-ல் ஊர் இளைஞர்கள் இரவில் கோட்டைச் சுவரேறிக் கைப்பற்றினார்கள். 1594-ல், அதாவது ஹென்றி கத்தோலிக்கராக மாறிய பிறகு, ஊர் அவருக்குப் பணிந்தது. அதுவரை தன் வரியைத் தானே வசூலித்து, தன் வணிகத்தைத் தானே நடத்திக்கொண்டது. 'நான் பிரெஞ்சுக்காரனும் அல்ல, பிரிட்டனிக்காரனும் அல்ல, மாலோக்காரன்' என்ற ஊர் வாக்கு இன்றும் கடைத்தெருச் சட்டைகளில் அச்சாகிறது.

கோர்சேர்கள் என்பவர்கள் கடற்கொள்ளையர்தானே?

சட்டப்படி அல்ல. கடற்கொள்ளையன் யாரை வேண்டுமானாலும் தாக்குவான், பிடிபட்டால் தூக்கு. கோர்சேர் என்பவர் அரசனிடம் எழுத்து மூலம் உரிமம் வாங்கிக்கொண்டு, போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களை மட்டும் பிடிப்பவர். பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்த வேண்டும். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். பிரான்சின் கடற்படைத் தலைவருக்குப் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தில் மூன்றில் இரண்டு முதலீடு போட்ட கப்பல் உரிமையாளர்களுக்கு, ஒன்று மாலுமிகளுக்கு. ஊர் வணிகர்களுக்கு இது ஒரு முதலீடு, அவ்வளவுதான். 1856-ம் ஆண்டு பாரிஸ் அறிவிப்பில்தான் ஐரோப்பிய நாடுகள் இந்த முறையைக் கைவிட்டன.

ஊரில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். ஒருவர் துகே-த்ரூவேன் (1673–1736). 1711-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைப் பிடித்து, ஊரைத் திருப்பித் தரப் பெருந்தொகை வாங்கியவர். இன்னொருவர் ராபேர் சுர்கூஃப் (1773–1827). மதில்மேல் நின்று கடலை நோக்கி விரல் நீட்டும் வெண்கலச் சிலை அவருடையது. நீட்டிய விரல் இங்கிலாந்தைக் காட்டுகிறது என்பார்கள்.

சுர்கூஃப் வேட்டையாடியது நம் வங்கக் கடலில். மொரீஷியஸைத் தளமாகக் கொண்டு, கல்கத்தாவுக்குப் போகும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களை ஹூக்ளி முகத்துவாரத்துக்கு வெளியே காத்திருந்து பிடித்தார். 1800 அக்டோபரில் 'கொன்ஃபியான்ஸ்' என்ற சிறிய கப்பலை வைத்துக்கொண்டு, அதைவிட மிகப் பெரிய, ஆட்களும் பீரங்கிகளும் அதிகமாக இருந்த 'கென்ட்' கப்பலை நெருங்கி ஏறிப் பிடித்தார். சேன் மாலோவில் இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது.

பல வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்றும் இருக்கிறது. சுர்கூஃப் அடிமை வணிகமும் செய்தார். 1794-ல் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்த பிறகும் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றி இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கொண்டுபோனார். சிலையின் கீழ் நின்று படம் எடுப்பவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீரம் உண்மை. விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களும் உண்மை.

சென்னைக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1699 பிப்ரவரியில் சேன் மாலோவில் பிறந்தவர் பெர்த்ரான் பிரான்சுவா மாயே த லா பூர்தொனே. சிறுவனாகவே கப்பலேறி, பிரெஞ்சுக் கம்பெனியில் சேர்ந்து, 1720-களில் மலபார்க் கரையில் மாஹே பிடிபட்டபோது அங்கே இருந்தவர். 1735-ல் மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளுக்கு ஆளுநரானார். போர்ட் லூயிஸ் துறைமுகத்தை உருவாக்கியது அவர்தான். அந்தக் கட்டுமானத்துக்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் கைவினைஞர்களும் வரவழைக்கப்பட்டார்கள். கடுமையான உழைப்பில் பெரும்பகுதி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், மடகாஸ்கர் மக்கள் தோளில் விழுந்தது. மொரீஷியஸ் தமிழர் வரலாற்றின் தொடக்க அத்தியாயம் 19-ம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே நம் கைவினைஞர்கள் அங்கே கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. 1746-ல் லா பூர்தொனே, கம்பெனிக் கப்பல்களுக்குப் பீரங்கி பொருத்தி ஒரு படையாக்கிக் கிளம்பினார். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பல்களோடு மோதல். வெற்றி தோல்வி தெளிவில்லாமல் முடிந்தாலும், ஆங்கிலக் கப்பல்கள் விலகிப் போனதால் சென்னைக்கு வழி திறந்தது. செப்டம்பரில் கடலிலிருந்தும் தரையிலிருந்தும் குண்டு பொழிய, 21-ம் தேதி புனித ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ் கைதியானார். அப்போது ஆங்கிலக் கம்பெனியில் எழுத்தராக இருந்த இளம் ராபர்ட் கிளைவும் சிக்கியவர்களில் ஒருவர். பிறகு தப்பி, கடலூர் அருகே உள்ள புனித டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிறகுதான் பெரிய சண்டை, அதுவும் பிரெஞ்சுக்காரர்களுக்குள்ளேயே. பணம் வாங்கிக்கொண்டு நகரத்தைத் திருப்பித் தருவதாக லா பூர்தொனே ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்தார். பேசிய தொகை 11 லட்சம் வராகன். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒரேயடியாக மறுத்தார்: சென்னை என் அதிகாரத்துக்கு உட்பட்டது, விற்க நீ யார் என்ற நிலைப்பாடு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தப் பூசலை நாள்வாரியாகப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் எழுதிய ஆவணங்களைவிட நம் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டு எழுதிவைத்தது எனக்கு மதிப்பு மிக்கது.

சண்டை தீர்வதற்குள் பருவமழைப் புயல் வந்துவிட்டது. அக்டோபர் நடுவில் சென்னைக் கரைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களில் சில மூழ்கின, மற்றவை பாய்மரம் முறிந்து நின்றன. ஏற்ற வற்றமும் காற்றும் அறிந்த சேன் மாலோ மாலுமிக்கு வடகிழக்குப் பருவத்தின் ஆபத்தும் தெரியாமல் இல்லை. வாக்குவாதத்தில் நாள் கடந்ததுதான் அவருக்கு வினையானது. மிச்சக் கப்பல்களோடு அவர் புறப்பட்டுப் போனார். டூப்ளே அந்த உடன்பாட்டைச் செல்லாது என்று தள்ளினார்.

பிரான்சுக்குத் திரும்பிய லா பூர்தொனேயை எதிரியிடம் லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 1748-ல் பாஸ்தீல் சிறையில் அடைத்தார்கள். 1751-ல் குற்றமற்றவர் என விடுதலை. 1753-ல் இறந்தார். சென்னை? 1748-ல் ஏற்பட்ட அமைதி உடன்படிக்கைப்படி மறு ஆண்டே ஆங்கிலேயருக்குத் திரும்பிப் போனது.

ஊருக்கு இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது?

அடிப்படை, மீன். 16-ம் நூற்றாண்டிலிருந்து 20-ம் நூற்றாண்டு வரை ஊர் ஆண்கள் வசந்தத்தில் கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குப் போய்க் காட் மீன் பிடித்து, உப்பிட்டுக் கொண்டுவந்தார்கள். மூடுபனியிலும் குளிரிலும் மாதக்கணக்கில் செய்த இந்த வேலையில் செத்தவர்கள் மிகப் பலர். கோர்சேர்களுக்குச் சிலை இருக்கிறது. ஊரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியதோ பெயர் தெரியாத இந்த மீனவர்கள்.

பெரும்பணம் 1700-ஐ ஒட்டி வந்தது. சேன் மாலோ கப்பல்கள் தென் அமெரிக்க முனையைச் சுற்றிப் பெருவுக்குப் போய்த் துணி விற்று வெள்ளி கொண்டுவந்தன. செங்கடல் வாயிலில் உள்ள மோக்காவுக்குப் போய்க் காப்பி வாங்கின. கடனில் மூழ்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிக உரிமையை இந்த ஊர் வணிகர்களுக்கே விட்டுக்கொடுத்தது. ஆகவே 1719-ல் புதிய கம்பெனி வரும்வரை, பத்தாண்டு காலம் புதுச்சேரி வணிகம் நடந்தது சேன் மாலோ பணத்தில். 1715-ல் மொரீஷியஸைப் பிரான்சுக்காக உரிமை கொண்டாடிய துஃப்ரேன் தர்செலும் இந்த ஊர்க் கப்பல் தலைவர்தான். அடிமை வணிகக் கப்பல்களும் இங்கிருந்து கிளம்பின. நாந்த், லா ரொஷெல் துறைமுகங்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதில் ஊருக்குப் பங்கு உண்டு.

கனடாவைக் கண்டவர் இந்த ஊர்க்காரரா?

ழாக் கார்த்தியே. 1534 ஏப்ரல் 20 அன்று இரண்டு கப்பல்களோடு இங்கிருந்து கிளம்பினார். அடுத்த ஆண்டு மீண்டும் போய்ச் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இன்றைய மாண்ட்ரியல் வரை சென்றார். அங்கே ஏற்கெனவே மக்கள் ஊர் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதால் 'கண்டவர்' என்பதை ஐரோப்பியர் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. ஊருக்கு வெளியே ரொத்தெனேஃபில் அவர் வாழ்ந்த பண்ணை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

மதில் எந்தக் காலத்தது? முழுதும் சுற்றி வர முடியுமா?

முடியும், கட்டணம் இல்லை. சுற்றளவு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சில பகுதிகள் 12-ம் நூற்றாண்டில் தொடங்கியவை. பெரும்பகுதி 17, 18-ம் நூற்றாண்டு வேலை. பதினான்காம் லூயியின் கோட்டை வல்லுநர் வோபான் திட்டம் போட, சிமெயோன் கராஞ்சோ என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டினார். மதிலோடு நிற்காமல், எதிரே கடலில் இருந்த பாறைகளிலும் வரிசையாகக் கோட்டைகள் எழுப்பினார்கள்: 1689-ல் தொடங்கிய தேசியக் கோட்டை, பெத்தி பே, கொன்ஷே. கடல் வற்றினால் முதல் இரண்டுக்கும் நடந்தே போகலாம்.

தேவை இருந்ததால்தான் கட்டினார்கள். கோர்சேர்களால் நொந்துபோன ஆங்கிலேயர் 1693-ல் வெடிமருந்து நிரப்பிய ஒரு கப்பலை மதிலை நோக்கி அனுப்பினார்கள். அது பாறையில் முட்டி, ஊரை எட்டும் முன்பே வெடித்தது. ஓடுகளும் கண்ணாடிகளும் நொறுங்கின. செத்தது ஒரு பூனை மட்டும் என்பது ஊர்க்கதை. 'ஆடும் பூனைத் தெரு' என்று ஒரு தெருவே இருக்கிறது.

இரவில் நாய்களை அவிழ்த்துவிட்டார்களாமே?

ஆமாம். இடைக்காலத்திலிருந்து 1770 வரை. வற்றத்தின்போது கரையில் சாய்ந்து நிற்கும் கப்பல்களில் திருட்டு நடக்காமல் இருக்க, இரவு மணி அடித்ததும் காவல் நாய்களை மதிலுக்கு வெளியே விடுவார்கள். 1770-ல் இரவில் தாமதமாகத் திரும்பிய ஓர் இளம் கடற்படை அதிகாரியை நாய்கள் கடித்தே கொன்றன. அத்தோடு அந்த வழக்கம் நின்றது.

1944-ல் என்ன நடந்தது?

நார்மண்டியில் இறங்கிய அமெரிக்கப் படை ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே வந்தது. ஜெர்மன் தளபதி கர்னல் ஃபொன் ஆவுலாக் சரணடைய மறுத்தார். அவருடைய உண்மையான பலம் அலெத் மேட்டில் கான்கிரீட்டால் கட்டிய நிலத்தடிக் கோட்டையில் இருந்தது. மதிலுக்குள் இருந்த ஜெர்மானியர் மிகச் சிலரே. ஆனால் பழைய ஊரில் பெரும்படை ஒளிந்திருக்கிறது என்று நினைத்த அமெரிக்கர்கள் அதன்மேல் குண்டு பொழிந்தார்கள். ஜெர்மானியர் துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆகஸ்ட் 6 தொடங்கித் தீ பரவியது. குழாயில் தண்ணீர் இல்லை. நாள் கணக்கில் ஊர் எரிந்தது. ஊர் ஆண்கள் நூற்றுக்கணக்கானோரை ஜெர்மானியர் தேசியக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே விழுந்த குண்டில் அவர்களிலும் சிலர் மாண்டார்கள்.

ஆவுலாக் 17-ம் தேதி சரணடைந்தார். எதிரே உள்ள சேசாம்ப்ர் தீவு செப்டம்பர் 2 வரை தாக்குப்பிடித்தது. நாபாம் உட்பட அதன்மேல் கொட்டிய குண்டுகளில் வெடிக்காதவை இன்றும் மண்ணுக்குள் கிடப்பதால், தீவின் கடற்கரையும் ஒரு நடைபாதையும் மட்டுமே திறந்திருக்கின்றன. அந்தப் பாதையே 2018-ல்தான் திறந்தது.

மதிலுக்குள் இருந்த 865 கட்டடங்களில் நின்றவை 182. மதில் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நின்றது.

அப்படியானால் இன்று பார்ப்பதெல்லாம் போலிதானா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. போருக்குப் பின் இன்னொரு துறைமுகமான லெ ஆவ்ரை நேர்கோட்டுத் தெருக்களும் கான்கிரீட்டுமாகப் புதிதாகவே கட்டினார்கள். சேன் மாலோ மக்கள் தங்கள் ஊரின் முகம் திரும்ப வேண்டும் என்றார்கள். கட்டடக் கலைஞர் லூயி அரெத்ஷ் தலைமையில், 1950-கள் முழுவதும் வேலை நடந்தது. இடிபாட்டிலிருந்து எடுத்த கருங்கற்களைக் கூடியவரை பயன்படுத்தினார்கள். கூரைச் சரிவு, புகைபோக்கி உயரம், கடலைப் பார்த்த முகப்பு ஆகியவற்றைப் பழைய அளவில் வைத்துக்கொண்டு, உள்ளே அறைகளை வெளிச்சமாக்கி, சில தெருக்களை அகலப்படுத்தினார்கள். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: சன்னல்கள் ஒரே சீராக இருக்கும், அலங்காரம் குறைவு.

தப்பிய பழைய வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அஸ்ஃபெல்ட் மாளிகை இருக்கிறது. 1725-ல் மாகோன் குடும்பத்துக் கப்பல் உரிமையாளர் கட்டியது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநரும்கூட. அங்கே நிற்கும்போது நம் நெசவாளர்களின் துணி எந்த வீட்டுக் கணக்கில் இலாபமாக ஏறியது என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

தவறவிடக் கூடாத கட்டடங்கள் எவை?

சேன் வேன்சான் பேராலயம். 1944-ல் கோபுரம் சரிந்து உள்ளே நொறுங்கியது. சீரமைப்பு முடிய 1970-களின் தொடக்கம் ஆகிவிட்டது. நவீனக் கண்ணாடிச் சன்னல்களை வடித்தவர் ழான் லெ மொவால். வெயில் நாளில் பழைய கருங்கல்மேல் அந்த நிறங்கள் விழும் காட்சிக்காகவே உள்ளே போகலாம்.

கோட்டை மாளிகையில் இப்போது நகராட்சி இயங்குகிறது. அதன் ஒரு கோபுரத்தைக் கட்டும்போது ஊரார் எதிர்த்தார்களாம். பிரிட்டனியின் கோமகள் (டச்சஸ்) ஆன், 'யார் முணுமுணுத்தாலும் இப்படித்தான், என் விருப்பம்' என்று கல்லில் பொறிக்கச் சொன்னதாகக் கதை.

சேன் செர்வானில் சொலிதோர் கோபுரம், 14-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரான்ஸ் வாயிலைக் காக்கக் கட்டியது. கூட்டம் குறைவு, படம் எடுக்க நல்ல இடம். அலெத் மேட்டில் ஜெர்மன் நிலவறையில் போர் நினைவகம் இருக்கிறது. அங்கே போய் வந்தால் 1944 பற்றிச் சொன்னதெல்லாம் இன்னும் அழுத்தமாகப் புரியும்.

கடல் நடுவே ஒரு கல்லறை இருக்கிறதாமே?

கிரான் பே என்ற சிறு தீவில். 1768-ல் இந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் ஷதோப்ரியான், தான் இறந்தால் அங்கேதான் புதைக்க வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே ஊராரிடம் இடம் கேட்டு வாங்கினார். 1848-ல் அப்படியே செய்தார்கள். கருங்கல் பலகை, ஒரு சிலுவை. பெயர்கூட இல்லை. கடல் வற்றும்போது போன்-செக்கூர் கடற்கரையிலிருந்து கல்பாவிய பாதையில் நடந்து போகலாம்.

கடல் வற்றுவதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆபத்து உண்டா?

உண்டு, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சேன் மாலோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் அது 12, 13 மீட்டர் வரை போகும். நான்கு மாடி உயரத் தண்ணீர், சுமார் ஆறு மணி நேரத்தில். சூரியன், சந்திரன் இழுப்போடு, ஆங்கிலக் கால்வாயின் குறுகிய வடிவமும் எதிரே நீளும் கொத்தாந்தேன் தீபகற்பமும் சேர்ந்து அலையை இந்தக் குடாவில் குவிக்கின்றன.

ஏற்றவற்ற அட்டவணை விடுதிகளிலும் சுற்றுலா அலுவலகத்திலும் கிடைக்கும். அதில் நேரத்தோடு 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் ஏற்றமும் பெரிது. கிரான் பே போனால் நீர் ஏறத் தொடங்கியதுமே திரும்பிவிடுங்கள். பாதை மூழ்கினால் அடுத்த வற்றம் வரை தீவில்தான் காத்திருக்க வேண்டும். முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள், நீரோட்டம் காலை வாரிவிடும். தேசியக் கோட்டையில் கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று பொருள்.

எண் 100-ஐத் தாண்டும் நாளில் காற்றும் சேர்ந்தால் சியோன் கடற்கரையில் அலை சாலை தாண்டி வீட்டுச் சுவரில் அடிக்கும். அலையின் வேகத்தை உடைக்க மணலில் நட்ட ஆயிரக்கணக்கான ஓக் மரக் கம்பங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

ரான்ஸ் மின்நிலையம் என்பது என்ன?

இதே ஏற்றவற்றத்தில் மின்சாரம் எடுக்கும் அணை. 1966 நவம்பரில் குடியரசுத் தலைவர் தெ கோல் திறந்துவைத்தார். 24 டர்பைன்கள், மொத்தத் திறன் 240 மெகாவாட். இந்த அளவில் உலகில் முதலாவது. 2011-ல் தென் கொரியாவின் சிஹ்வா நிலையம் வரும்வரை மிகப் பெரியதும் இதுவே. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட் தருகிறது. நிலவை நம்பிய உற்பத்தி என்பதால் அடுத்த ஆண்டு எந்த நேரத்தில் எவ்வளவு என்று இன்றே சொல்லிவிடலாம். காற்றாலைக்கு அது முடியாது. ஆனால் கட்டும்போது முகத்துவாரத்தைக் கடலிலிருந்து முழுதாக அடைத்துவிட்டதால் உள்ளே இருந்த உயிர்கள் பெருமளவு அழிந்தன. மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆயின, சேறு படிவது இன்றும் பிரச்சினை. அணைமேல் சாலை உண்டு, தினார் போகும் பேருந்திலிருந்தே பார்க்கலாம்.

எப்படிப் போவது, எப்போது போவது, என்ன சாப்பிடுவது?

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். சில ரயில்களுக்கு ரென் நகரில் மாற வேண்டும். மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் மதிலுக்குள் நகர இடம் இருக்காது. மழை எந்த மாதமும் வரும்.

அசைவம் சாப்பிடுவோர்க்குப் பக்கத்து ஊரான கங்கால் சிப்பிகள் பேர்போனவை. சைவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். கலெத் என்ற மரக்கோதுமைத் தோசை எங்கும் கிடைக்கும். சீஸ், காளான், கீரை வைத்துக் கேட்கலாம். பன்றி இறைச்சி வைப்பது வழக்கம் என்பதால் 'வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனிப்புக்கு குயின்-அமான்: உப்பு வெண்ணெயும் சர்க்கரையும் மடித்து மடித்துச் சுட்டது. ஒன்றை இருவர் பகிர்வதே போதும்.

நவம்பரில் பெரிய பாய்மரப் போட்டி நடக்குமாமே?

ரூத் து ரம். ஒரு படகில் ஒரே ஆள், சேன் மாலோவிலிருந்து கரீபியனில் உள்ள குவாதலூப் வரை. 1978-ல் தொடங்கியது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2022-க்குப் பிறகு அடுத்தது 2026. கிளம்பும் நாளுக்கு முன்பு போட்டிப் படகுகளெல்லாம் மதிலடியில் துறையில் நிற்கும், யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த நாட்களில் ஊரில் அறை கிடைப்பது மிகக் கடினம். பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் ரென்னில் தங்கி ரயிலில் வந்து போங்கள்.